மச்சான் பேப்பர்ல ஜெயிச்ச கதையும் பிளேடு தின்ன 9 மில்லிமீட்டரும்

மச்சான் ஒருத்தன் வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேலை பண்றான். ஒரு நாள் ஒரு கட்டிங் லிஸ்ட்டை அனுப்பி, "நீ ப்ரோக்ராம் எழுதுறவன்தானே, எத்தனை பைப் வேணும், எதுல எதை வெட்டணும்னு சொல்லு பாப்போம்"னான். இதுல என்ன பெரிய விஷயம், நீளத்துல பெருசுல இருந்து சின்னதுக்கு அடுக்கிட்டு, இடம் இருக்கற முதல் பைப்புல போட்டுக்கிட்டே போனா முடிஞ்சுதுன்னு நெனச்சு பைதான்ல இருவது லைன் எழுதி ரிசல்ட்டை அனுப்பிட்டேன். அவன் ஒரு பேப்பர்ல ரெண்டு நிமிஷம் கிறுக்கிட்டு, நான் 3 பைப் கேட்ட இடத்துல 2 பைப்ல முடிச்சுட்டான்.

லிஸ்ட் இவ்ளோதான்: பைப் ஒவ்வொன்னும் 6000 மி.மீ., வேண்டியது 2380ல ரெண்டு, 1790ல நாலு. என் ப்ரோக்ராம் ரெண்டு 2380ஐயும் மொத பைப்லயே போட்டுச்சு, மிச்சம் 1200 சொச்சம், அதுல எதுவும் உக்காராது. அடுத்த பைப்ல மூணு 1790. கடைசி ஒரு 1790க்கு மூணாவது பைப்பை தொறக்க வேண்டியதாப் போச்சு. மச்சான் பண்ணது, ஒரு 2380, ரெண்டு 1790, அதே மாதிரி இன்னொன்னு, அவ்ளோதான். இப்படி பெருசுல இருந்து அடுக்கி, இடம் இருக்கற முதல் பைப்புல திணிக்கற முறைய மொத்தமா குப்பைன்னும் சொல்ல முடியாது, பெரிய லிஸ்ட்ல எவ்ளோ மோசமா போனாலும் சரியான விடைய விட சுமார் 22 சதவீதத்துக்கு மேல கூடப் போகாதுன்னு நிரூபிச்சே வச்சிருக்காங்க. ஆனா பேப்பர்ல தோத்தவனுக்கு அது ஆறுதலா இல்ல.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. வேற ஒரு லிஸ்ட்ல 1500ல நாலு துண்டு இருந்துச்சு. 6000ஐ நாலா வகுத்தா 1500, மிச்சம் பூஜ்யம், சேதாரமே இல்லன்னு ப்ரோக்ராம் பெருமையா சொல்ல நானும் அப்படியே அனுப்பிட்டேன். பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும்ங்கறத நான் யோசிக்கவே இல்ல, மூணு வெட்டுக்கு 9 போக கடைசி துண்டு 1491 வந்து நின்னுச்சு. "சேதாரம் இல்லையாமே"ன்னு போட்டோ எடுத்து அனுப்பினான் பாவி. இதை சரி பண்றது சுலபம், ஒவ்வொரு துண்டோட நீளத்துலயும் 3 கூட்டு, பைப்போட நீளத்துலயும் ஒரே ஒரு 3 கூட்டு, அதுக்கப்புறம் பிளேடையே மறந்துடலாம், n துண்டுக்கு n கழித்தல் 1 வெட்டுங்கற கணக்கு தானா உள்ள வந்துரும்.

சரி, ஒழுங்கா எப்படி பண்றதுன்னு தேடினா இது பழைய சங்கதி. 1939லயே காண்டரோவிச்ங்கற ரஷ்யக் கணித மேதை இதைக் கணக்கா எழுதியிருக்கார், பின்னாடி 1975ல பொருளாதார நோபல் பரிசை பகிர்ந்துக்கிட்ட அதே ஆள்தான். ஆனா நான் சொக்கிப் போனது 1961ல கில்மோரும் கோமோரியும் எழுதின வழியில.

ஒரு பைப்பை எப்படி வெட்டறதுங்கற ஒரு சேர்க்கைய ஒரு பேட்டர்ன்னு வச்சுக்கோங்க. அளவுகள் கூடக் கூட பேட்டர்ன் எண்ணிக்கை கோடிக்கணக்குல எகிறும், எல்லாத்தையும் எழுதி வைக்க முடியாது. அவங்க என்ன பண்ணாங்கன்னா, எல்லாத்தையும் எழுதாத, தேவைப்படறப்ப ஒன்னு ஒன்னா கண்டுபிடின்னாங்க. மச்சான் லிஸ்ட்லயே பாப்போம். ஆரம்பத்துல ரெண்டே ரெண்டு மக்கு பேட்டர்ன், ஒன்னுல ரெண்டு 2380, இன்னொன்னுல மூணு 1790. அப்படின்னா ஒரு 2380க்கு அரை பைப் செலவு, ஒரு 1790க்கு மூணுல ஒரு பங்கு. இப்ப இந்த விலைய வச்சுக்கிட்டு, ஒரே பைப்ல 1க்கு மேல, அதாவது ஒரு முழு பைப்போட விலைக்கு மேல, மதிப்புள்ள சரக்கை அடைக்க முடியுமான்னு தேடு. ஒரு 2380, ரெண்டு 1790 போட்டா 1/2 கூட்டல் 2/3, மொத்தம் 7/6. 1ஐ தாண்டிருச்சா, அப்ப இது உருப்படியான பேட்டர்ன், சேத்துக்கோ, விலைய திரும்பக் கணக்கு போடு, திரும்பத் தேடு. 1ஐ தாண்டற பேட்டர்ன் எதுவும் கிடைக்கலன்னா நிறுத்திரு. அந்தத் தேடல் வேற ஒன்னும் இல்ல, காலேஜ்ல எதுக்கு படிக்கறோம்னே தெரியாம படிச்ச நாப்சாக் கணக்குதான், அளவான ஒரு பைக்குள்ள அதிக மதிப்புள்ள சாமானை அடைக்கற கணக்கு!

இதுல வர்ற விடை 7.4 பைப்ங்கற மாதிரி பின்னமா வரும். அத மேல தள்ளினா 8, அதுக்குக் கீழ யாராலயும் முடிக்க முடியாது. உங்க திட்டமும் 8ல முடிஞ்சா அதோட எந்திரிச்சுப் போய் தூங்கலாம். 9 வந்தாத்தான் இன்னும் கொஞ்சம் மெனக்கெடணும். நான் ஒவ்வொரு பேட்டர்னும் எத்தனை பைப்புக்குங்கற பின்னத்தை கீழ தள்ளிட்டு, விட்டுப்போன துண்டுகள மட்டும் ஓஆர்-டூல்ஸ்ங்கற கூகுளோட இலவச மென்பொருள் கிட்ட குடுத்துடறேன்.

இவ்ளோ பண்ணிட்டு கொண்டுபோய் குடுத்தா மச்சான் மூஞ்ச சுளிக்கறான். பைப் எண்ணிக்கை சரிதான், ஆனா ஒவ்வொரு பைப்லயும் 300, 400ன்னு மிச்சம் விட்டு வச்சிருக்கு. "இதெல்லாம் எடைக்குத்தான் போடணும், மிச்சம் மொத்தத்தையும் ஒரே பைப்ல குடுத்தா அடுத்த வேலைக்கு ஆகும்ல"ன்னான். யோசிச்சா உண்மைதான், 2 மீட்டர் ஒரே துண்டா இருந்தா அது சரக்கு, அதே 2 மீட்டர் அஞ்சு துண்டா இருந்தா அது குப்பை, ஆனா மொத்த சேதாரத்த மட்டும் பாக்கற என் ப்ரோக்ராமுக்கு ரெண்டும் ஒன்னு. இப்ப பைப் எண்ணிக்கைய மொதல்ல பூட்டிட்டு, மிச்சங்களோட வர்க்கத்தை கூட்டி அது அதிகமா வர்ற திட்டத்தை எடுக்கச் சொல்லியிருக்கேன், அப்ப மிச்சமெல்லாம் தானா ஒரு பக்கமா போய் சேந்துருது. 600க்கு மேல இருக்கற மிச்சத்து மேல அவன் சாக்பீஸ்ல அளவு எழுதி ஓரமா நிறுத்தறான், அடுத்த லிஸ்ட்டுக்கு அதெல்லாம் 6000 பைப்போட சேந்து உள்ள போகுது.

நேத்து பிளைவுட் லிஸ்ட் ஒன்னு அனுப்பியிருக்கான். நீளம் அகலம் ரெண்டும் இருக்கு, வெட்டு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நேராத்தான் போகணுமாம், மர ரேகை திசை மாறக்கூடாதாம், அதனால துண்டை திருப்பியும் போடக்கூடாதாம். பாத்துட்டு இன்னும் பதில் போடல.