இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு நாள்

ராமேஸ்வரத்தைத் தனி வண்டி வைத்துச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். பதினைந்து இடம், பதினெட்டு இடம் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது. அதற்கு அப்படியே தலையாட்டுகிற வழிகாட்டி, பகல் ஒரு மணிக்குச் சாத்திய கோயில் கதவுக்கு முன்னால் விருந்தாளிகளோடு நிற்பார்.

இந்தத் தீவில் ஒரு நாளை இரண்டு கதவுகள்தான் நடத்துகின்றன. ஒன்று ராமநாதசுவாமி கோயில் நடை. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கும், பகல் ஒரு மணிக்குச் சாத்தும், மூன்று மணிக்கு மறுபடி திறக்கும். இன்னொன்று தனுஷ்கோடி போகிற வழியில் புதுரோடு சோதனைச் சாவடி. மாலை ஐந்து மணியை ஒட்டி அந்தப் பக்கம் வண்டி விடுவதை நிறுத்திவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் சொருகிக்கொள்வது.

அதனால் முதல் போனிலேயே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை இடம் பார்க்கணும்?" என்பது அல்ல. "தீர்த்தம் ஆடுறீங்களா?" என்பதுதான். ஆடுகிறோம் என்றால் கோயில் காலையில், தனுஷ்கோடி பிற்பகலில். இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றால் தலைகீழாக மாற்றிவிடலாம். விடிந்ததும் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை, வெயில் ஏறுமுன் திரும்புதல், மூன்று மணிக்குக் கோயில். இந்த இரண்டாவது வரிசை உடம்புக்கு மிகவும் சுகம். மணல் சுடாது, கூட்டம் இருக்காது. ஆனால் தீர்த்தம் ஆடுகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால், வெறும் வயிற்றில் குளிக்க வேண்டும் என்று விரதம் இருக்கிற பெரியவர்கள் பாதி நாள் பட்டினி கிடப்பார்கள்.

தீர்த்தத்தைப் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அதில் முங்கிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய், மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை இருபத்திரண்டு. பெரும்பாலும் கிணறுகள். தீர்த்தம் இறைப்பவர் கயிறு கட்டிய வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே போவார், பின்னாலேயே ஓட வேண்டும். சாதாரண நாளில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சனி, ஞாயிறு என்றால் இரண்டரை வரை இழுக்கும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாட்களில் நேரக் கணக்கே கிடையாது. சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்களிடம் அந்தத் தேதிகளை மாற்றச் சொல்வது நல்லது. வாடகை போனாலும் பேர் கெடாது.

ஈரத்தோடு சுவாமி சன்னதிக்கு விட மாட்டார்கள். துணி மாற்றித்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே மாற்றுத் துணியை முந்தின இரவே தனிப் பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு செட், ஒரு துண்டு, ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. பெண்களுக்கு அடர் நிறச் சுடிதார் வசதி. பருத்திப் புடவை நனைந்தால் காலில் சுற்றிக்கொண்டு நடக்கவிடாது. மோதிரம் கடல் தண்ணீரில் விரல் சுருங்கி நழுவும், அறையிலேயே கழற்றிவிடட்டும். மூக்குக்கண்ணாடியைக் குடும்பத்தில் குளிக்காத ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். காது கேட்கும் கருவி போட்டிருக்கிற தாத்தாக்களை யாரும் நினைப்பதே இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றால் பதினைந்தாவது கிணற்றில் தலை சுற்றும். ஒரு வாழைப்பழத்துக்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்று பக்குவமாகச் சொல்லலாம்.

போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினால் பாதுகாப்பு அறை வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே கூட்டத்தில் குடும்பம் பிரிந்துவிட்டால் அழைத்துப் பேச வழியில்லை. எனவே நுழையுமுன் "பிரிஞ்சா கிழக்குக் கோபுர வாசல், செருப்பு விட்ட இடம்" என்று ஓர் இடத்தைக் காட்டி, குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்.

இங்கே அதிகம் அடிபடுவது கடலில் அல்ல, பிரகாரத்தில். நூற்றுக்கணக்கான பேர் உடம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்தளத்தில் தேங்கி, எண்ணெய் பூசினாற்போல் இருக்கும். அதில் அவசர நடை நடக்கிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் பக்கத்தில் ஓர் ஆள் கைகோத்து வர வேண்டும், வழிகாட்டி முன்னால் போகாமல் பின்னால் வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை இருபத்திரண்டுக்கும் இழுக்காமல், கோடி தீர்த்தத் தண்ணீரை மட்டும் வாங்கித் தலையில் தெளித்துத் தரிசனத்துக்குக் கூட்டிப்போவது பல வீடுகளில் சம்மதமாகவே இருக்கிறது. கேட்டால்தான் தெரியும்.

கதை சொல்வதெல்லாம் வரிசையில் நிற்குமுன் முடிந்துவிட வேண்டும். சன்னதியில் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். சீதை மணலால் பிடித்த ராமலிங்கம், அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கம், ராமன் வாக்குப்படி முதல் பூஜை விஸ்வலிங்கத்துக்கு என்ற மூன்றையும் முன்பே சொல்லியிருந்தால்தான் உள்ளே போகிறவருக்கு எதைப் பார்க்கிறோம் என்று புரியும். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்திலிருந்து ஆறு மணிக்குள். அதைக் கேட்கிறவர்களை நாலரைக்கே வாசலில் நிறுத்த வேண்டும், தீர்த்தம் அதற்குப் பிறகுதான். இந்து அல்லாத விருந்தாளிகளிடம் பிரகாரம் வரைதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. வாசலில் நிற்கவைத்துச் சொல்வது அவமானம்.

மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண் என்று எல்லோரும் சொல்வார்கள். எண் அடுத்த தெருவிலேயே மறந்துபோகும். அதைவிட, "இந்தத் தீவில் கருங்கல் கிடையாது, மணலும் பவளப் பாறையும்தான். பாலம் வந்ததே 1914இல். அப்படியானால் இத்தனை கல்லும் எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வேலை, 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த பிரகாரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு காதில் ஏறும். படம் எடுக்க முடியாத இடம் என்பதால் மக்கள் இங்கே நிஜமாகவே பார்க்கிறார்கள். வழிகாட்டிக்கு இது ஒரு வரம்தான்.

வடநாட்டுக் குடும்பங்கள் கங்கைத் தண்ணீரோடு வரும். அபிஷேகச் சீட்டைக் கோயில் கவுண்டரில் வாங்க வேண்டும், வெளியே யாரிடமும் வாங்கக் கூடாது. தர்ப்பணம் கொடுக்கிறவர்களுக்கும் அதே புத்திமதி. தட்சணையைக் கடற்கரையில் உட்காருமுன் பேசி முடித்துவிட வேண்டும். எள்ளும் தண்ணீரும் கையில் இருக்கும்போது பேரம் பேச எவருக்கும் மனம் வராது.

ஒரு மணி முதல் மூன்று மணி வரை சாப்பாடு, சிறு தூக்கம், அப்துல் கலாம் பிறந்த வீடு. அந்த வீடு சிறியது, படிக்கட்டு குறுகல். பேய்க்கரும்பில் உள்ள அவர் நினைவிடத்தைத் தீவை விட்டுக் கிளம்பும்போது பார்த்தால் ஒரு நடை மிச்சம். கந்தமாதன பர்வதம் இடையில் அரை மணி நேரம். மிதக்கும் கல் காட்டுகிற இடங்களில் நிறுத்துவதும் நிறுத்தாததும் விருந்தாளி விருப்பம். துளை நிறைந்து காற்று அடைபட்ட கல் மிதக்கும், அவ்வளவுதான். நம்பிக்கையோடு கும்பிடுகிறவரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம், விலைக்கு வாங்கவிடவும் வேண்டாம். அது பவளமாக இருந்துவிட்டால் வம்பு. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டினால் கேஸ் விருந்தாளி மேல்தான். சிப்பிக் கடைக் கமிஷன் இந்தத் தொழிலில் பழைய வியாதி. அதற்காக நாற்பது நிமிடம் கடையில் நிறுத்திவிட்டு, சாவடி மூடிவிட்டது என்று கையை விரிப்பதை எந்த விருந்தாளியும் மன்னிக்க மாட்டார்.

தனுஷ்கோடிக்கு மூன்றரை மணிக்குள் கிளம்ப வேண்டும். ஊரிலிருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017 வரை தார்ச்சாலை கிடையாது, வேனும் ஜீப்பும் மணலிலும் தண்ணீரிலும் ஆடி ஆடிப் போகும். இப்போது எந்தக் காரும் போகும் என்பதால் மணலை மறந்துவிடுகிறார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குப் பக்கத்து மணல் சாலைமேல் வந்து மூடும். படம் எடுக்க ஓரம் கட்டினால் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிடும். இறங்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது, மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். எல்லோரையும் இறக்கிவிட்டு, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி, கால்மிதியை நுழைத்து, இரண்டாம் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். காற்று பிடிக்கிற சின்னப் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தால் திரும்பும்போது கவலையில்லை.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காலத்தில் ஆண் கடல் குமுறும், பெண் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் வடக்குப் பக்கம் எழும். காலை நனைக்க ஆசைப்படுகிறவர்களை எந்தப் பக்கம் விடலாம் என்பது இப்படி மாதத்துக்கு மாதம் மாறும். அரிச்சல்முனையில் மட்டும் எந்தப் பக்கமும் கூடாது. அங்கே இரண்டு நீரோட்டமும் மோதுகின்றன. காலடி மணல் திடீரென்று சரியும், முட்டளவு என்று நினைத்த இடம் அடுத்த அடியில் கழுத்தளவு. இலங்கை தெரியுமா என்று கேட்பார்கள். தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறது என்று கையை நீட்டுகிற வழிகாட்டி பொய் சொல்கிறார். சில போன்கள் அக்கரை சிக்னலைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.

இடிந்த தேவாலயத்தின் முன்னால் என்ன பேசுவது என்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் இந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஒருவர்கூட மிஞ்சாமல் போயிற்று. இதற்குமேல் சாவு எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிச் சொல்வதும், பேய் உலாவுகிறது என்பதும் கேவலம். அதைவிட, சுவரைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லலாம். கல்லில் பூப்பூவாக வரி தெரியும், அது பவளம். கடலிலிருந்து எடுத்த கல்லால் கட்டிய ஊரைக் கடலே எடுத்துக்கொண்டது என்று யாராவது ஒருவர் தானாகவே சொல்வார். சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நின்ற நிலையம், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை, தபால் ஆபீஸ் எல்லாம் எங்கே இருந்தன என்று திசை காட்டினால் போதும். பக்கத்துக் குடிசைகளில் இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. கேட்காமல் வாசலில் நின்று படம் எடுக்கவிடாதீர்கள். மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் எடுப்பதை அவர்களே காட்டுவார்கள். வறுத்த மீன் சாப்பிடுவதானால் எடையும் விலையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலுக்கு மறுபடி போகிற எண்ணம் இருந்தால் அதையும் முதலில் நினைவூட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் வந்தால் வழியில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள். 2025இல் இந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். வண்டியிலிருந்து இறங்காமல் பார்த்தால் பறக்காமல் நிற்கும். கோதண்டராமர் கோயில் திரும்புகிற வழியில் பத்து நிமிடம். விபீஷணன் அடைக்கலம் புகுந்த இடம் என்பது ஐதீகம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் அங்கே நெரிசல். பாலம் ஏறுமுன்பே ஜன்னலை இறக்கச் சொல்லி, மெதுவாகப் போனால் போதும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்பித் தூக்கிவந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கிபோல் நேர்மேலே ஏறும். 1964இல் சிதைந்த பழைய பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள் என்பது பாலம் தாண்டுகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி.

மதுரையிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புவது போகவர முந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பிய ஓட்டுநரை இரவு பத்து மணிக்குப் பரமக்குடிச் சாலையில் ஓட்டவைப்பது கூலிக்கணக்கில் லாபமாகத் தெரியும். பகலில் இரண்டு மணி நேரம் அவர் தூங்குவதற்கு அறை போட்டுக் கொடுங்கள், அல்லது ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். தங்கினால் மறுநாள் திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை என்று கரையோரம் போகலாம். அங்கும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் இரண்டு கோயிலுக்கு மேல் வைக்காதீர்கள்.

விருந்தாளிகளை ஸ்டேஷனில் விட்டதும் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். பத்துக்கு நாலு தடவை ஈரத் துணிப் பை அங்கேயே கிடக்கும். ரயில் நகருமுன் போன் செய்தால் கையில் சேர்த்துவிடலாம். பிறகு அன்று இரவே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு பிரேக் பைப்பில் வேலையைத் தொடங்கிவிடும்.