கடிதத்தின் நடுவில் ஒரு ஓட்டை

பேனாவை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். பை, குடை, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாமே வெளியே. கையில் ஒரு பென்சில், ஒரு நோட்டு, அவ்வளவுதான். கையுறை தருவார்களா என்று கேட்டேன். வேண்டாம், கையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் மேசையில் இருந்த அம்மா. கையுறை போட்டால் தாள் எவ்வளவு மெல்லிசு என்று விரலுக்குத் தெரியாது, அதனாலேயே கிழிந்துவிடும் என்று விளக்கமும் சொன்னார். கோயிலுக்குள் நுழையுமுன் கால் கழுவுவதுபோல் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எடின்பரோவுக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஆர்தர் மலையில் ஏறுவார்கள். எனக்குக் கிடைத்த நான்கு நாள் லீவை நான் பழைய கடிதங்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் போனவர்கள் ஸ்காட்லாந்தில் இருந்த தங்கள் வீட்டுக்கு எழுதியவை. பெரிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த கணக்கு, பத்திரம், கடுதாசிக் கட்டுகள். ஏன் இந்த ஆசை என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதல் நாள் போனது ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிற ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ். வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில் வெலிங்டன் பிரபு குதிரைமேல் இருக்கும் சிலை. அதற்குப் பின்னால் குவிமாடத்தோடு நிற்கிற கட்டடம். ராபர்ட் ஆடம் வடிவமைத்தது, 1774-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுவதற்குக் கிடைத்த முதல் பணமான 12,000 பவுன், ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற 1745-இல் எழுந்த கிளர்ச்சியில் தோற்றுப்போன குடும்பங்களிடம் பறிமுதல் செய்த நிலங்களின் வகையில் வந்தது. தோற்றவர்களின் மண்ணிலிருந்து வந்த காசில் எழுந்த கட்டடத்தில்தான் இன்று அந்த நாட்டின் நினைவு முழுக்க இருக்கிறது. குடும்பங்கள் கொடையாகத் தந்தவை, பாதுகாக்கச் சொல்லி ஒப்படைத்தவை என்று இங்கே தனி வரிசையே உண்டு. பிரெடால்பேன், சீஃபோர்த் என்று நீளும் அந்தப் பட்டியலில் நம் பாடப்புத்தகத்து டல்ஹௌசி பிரபுவின் குடும்பக் காகிதங்களும் இருக்கின்றன.

முதலில் கையில் வந்த பழைய கடிதங்களுக்கு உறையே இல்லை. 1840-க்கு முன்னால் பிரிட்டனில் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்துத்தான் தபால் கூலி. பெரும்பாலும் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். உறை போட்டால் அது இன்னொரு தாள், இன்னொரு கூலி. அதனால் எழுதிய தாளையே மடித்து, மேலே விலாசம் எழுதி, அரக்கு வைத்து ஒட்டிவிடுவார்கள். இடம் போதாவிட்டால், எழுதி முடித்த பக்கத்தைக் கால்வட்டம் திருப்பி அதே வரிகளின் மேல் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். பார்க்கப் பாய் முடைந்ததுபோல் இருக்கும். படிக்கிறபோது ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கண் நழுவினால் அடுத்த வரிக்குப் பதில் குறுக்கே ஓடுகிற வேறு விஷயத்துக்குள் விழுந்துவிடுவோம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பிரித்த கடிதங்களில் அரக்கு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை. அவசரமாகப் பிரித்த கை அரக்கோடு தாளையும் பிய்த்திருக்கிறது. அந்த இடத்தில் இருந்த எழுத்து போயே போய்விட்டது. ஒரு வரியில் பாதிச் சொல், கீழ் வரியில் பாதிச் சொல். அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கம்பி ஞாபகம் வந்துவிட்டது.

பழங்கால எழுத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் மென்ஸீஸ் என்று எழுதுகிற குடும்பப் பெயரை ஊர்க்காரர்கள் மிங்கிஸ் என்று சொல்வார்கள். 'யோக்' என்று ஒரு பழைய எழுத்து அவர்களிடம் இருந்திருக்கிறது. அச்சில் அதற்கு அச்செழுத்து இல்லாததால் உருவத்தில் அதைப்போலவே இருந்த இஸட்டைப் போட்டார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. புள்ளி வைக்காத ஏட்டுச்சுவடியோடு நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகல் திரையில் பார்த்தது ஒரு கப்பல் பட்டியலின் படப்பிரதி. 1846-இல் தொடங்கி உருளைக்கிழங்கு நோய் ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான ஹைலாண்ட்ஸையும் தீவுகளையும் பட்டினியில் தள்ளியது. 1852-இல் ஹைலாண்ட், தீவுக் குடியேற்றச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, 1857 வரை ஏறத்தாழ 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் பெயர், குடும்பம், வயது, எந்த ஊர், எந்த நிலையில் இருந்தார்கள் என்று ஒரு குறிப்பு. ஸ்கை தீவு திரும்பத் திரும்ப வருகிறது. சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சர் சார்லஸ் டிரவெலியன். ஆம், 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தாரே, அவர்தான். அந்தப் பெயரை எதிர்பாராத இடத்தில் பார்த்தபோது நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஜனங்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு கேலிக். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. வேறு யாரையாவது வைத்து எழுதுவார்கள், ஊரில் பாதிரியாரோ வாத்தியாரோ உரக்கப் படிப்பார், அக்கம்பக்கம் கூடிக் கேட்கும். தபாலாபீஸ் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து மணியார்டர் பாரமும் கடுதாசியும் எழுதித் தருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

மறுநாள் ஜார்ஜ் நான்காமவர் பாலத்துக்கு நடந்தேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அங்கேதான். தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பாலத்துக்கு அடியில் கவ்கேட் தெரு வரைக்கும் தளம் தளமாக இறங்கிப் போகிறது என்பது பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் புரியும். ஸ்காட்லாந்தின் மேரி அரசி 1587 பிப்ரவரி 8 அதிகாலை இரண்டு மணிக்கு, தலை வெட்டப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால், பிரான்ஸ் மன்னருக்கு எழுதிய கடைசிக் கடிதம் இங்கேதான் இருக்கிறது. நான் கேட்டது அதை அல்ல. வண்டிச்சக்கரம் செய்கிற ஒரு தச்சரின் மகன் எழுதியதை.

ஜேம்ஸ் டெய்லர். 1835-இல் கின்கார்டின்ஷையரில், ஆக்கன்பிளே கிராமத்துக்குப் பக்கத்தில் மாஸ்பார்க் என்ற சிறு வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். 1851 அக்டோபரில், 16 வயதில், லண்டனில் கப்பலேறினார். 1852 பிப்ரவரியில் கொழும்பு. காப்பித் தோட்டத்தில் வேலை. 1867-இல் கண்டிக்குத் தெற்கே மலையில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில், 1869-இல், காப்பி இலையில் துரு நோய் கண்டது. போகப்போகக் காப்பி அழிந்தது. தேயிலை மலையெல்லாம் பரவியது. அந்த மலைகளுக்கு ஆள்கட்டிக்கொண்டு போனது எங்கிருந்து? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம்.

நாற்பது வருஷம் டெய்லர் இலங்கையிலேயே இருந்தார். 1874-இல் தேயிலை பற்றிக் கற்றுக்கொள்ள டார்ஜீலிங் போய் வந்தார். சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. 1892 மே 2-இல் 57 வயதில் தோட்டத்திலேயே இறந்து, கண்டி மகியாவ கல்லறையில் அடக்கமானார். ஊரில் இருந்த அப்பாவுக்கு, அந்த 16 வயதுப் பையனுக்குப் பிறகு மகன் என்றால் தாள்தான்.

அந்தத் தாள்களை நுரைப்பஞ்சு மெத்தைமேல் வைத்து, ஓரம் புரளாமல் இருக்க ஈயக்குண்டு கோத்த துணிக்கயிற்றைப் படுக்க வைத்து, ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். மசி பழுப்பேறிவிட்டது. வேலை, சம்பளம், காடு வெட்டுவது, பாதை போடுவது, உடம்பு நிலைமை. நெருக்கமான எழுத்து, அதிகம் அடித்தல் திருத்தல் இல்லை. தமிழர்களும் வருகிறார்கள், வேலையாட்களாக, கூட்டமாக. நான் பார்த்த பக்கங்களில் ஒரு பெயரையாவது பிடித்துவிட வேண்டும் என்று விரலை வைத்துத் தேடினேன். ஒரு கருப்பன், ஒரு ராமாயி. கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆனால் மாலையில் கட்டை மறுபடி நாடா போட்டுக் கட்டும்போது இன்னொன்று உறைத்தது. இவை எல்லாம் மகன் எழுதியவை. அப்பா எழுதியது மலைக்குப் போயிருக்கும். புறப்பட்டுப் போனவனின் குரல் இன்றைக்கு நமக்குக் கேட்கிறது என்றால், போகாமல் வீட்டில் இருந்த யாரோ வந்த கடிதத்தை எடுத்து வைத்ததால்தான். டெய்லர் பெரிய ஆளாவார் என்று 1852-இல் யாருக்குத் தெரியும்? பதினாறு வயதுப் பையனின் கடுதாசி. அதையும் வைத்திருந்தார்கள்.

நாங்களும்தான் வைத்திருந்தோம். எங்கள் அப்பாயியின் தம்பி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பாயி இலங்கை என்று சொல்லாது, கண்டிச்சீமை என்றுதான் சொல்லும். அங்கிருந்து வருகிற கடுதாசியைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, உள்ளே உத்தரத்தில் தொங்குகிற கம்பியில் நடுவில் குத்தி வைத்துவிடும். அடியில் ஒரு மரவட்டு, மேலே வளைத்த கொக்கி. மின்சார பில், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் ரசீது எல்லாம் அதே கம்பியில்தான். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. வருஷத்துக்கு ஒருமுறை போகிக்குக் கம்பியை இறக்கி உருவி எரித்துவிடுவோம். சின்னப் பிள்ளையில் நானே உருவிப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ரெஜிஸ்டர் ஹவுஸில் ஒரு கட்டில் ஓரமெல்லாம் கறுப்புக் கரை போட்ட தாள்களைப் பார்த்தேன். துக்கக் கடிதங்கள். அதையும் மற்றவற்றோடு சேர்த்து, தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எழவுக் கடுதாசி வாசப்படி தாண்டாது. தெருவிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்பாயியின் தம்பி இறந்த கடுதாசியும் அப்படித்தான் தெருவோடு போனது. என்றைக்கு இறந்தார், எந்தத் தோட்டத்தில் புதைத்தார்கள் என்பதற்கு எங்களிடம் எழுத்தே இல்லை. கேட்டால் அப்பாயி, "நீ பொறந்ததுக்கு முந்துன ஐப்பசி, நல்ல மழை" என்று சொல்லும்.

மூன்றாம் நாள் ரயிலேறி வடக்கே போனேன். ஃபோர்த் ஆற்றின் கழிமுகத்தின்மேல் 1890-இல் திறந்த அந்தச் சிவப்பு இரும்புப் பாலம், பிறகு டே ஆற்றுப் பாலம், டண்டீ, ஆர்ப்ரோத், மான்ட்ரோஸ். கடலை விட்டு விலகியதும் லாரன்ஸ்கர்க். நாற்பது வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்து 2009-இல் மறுபடி திறந்த சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து டாக்சியில் ஆக்கன்பிளே. ஒரே ஒரு நீளத் தெரு, கல் வீடுகள், கீழே ஓடை. மாஸ்பார்க் பக்கம் யாருடைய வாசலுக்கும் போய்த் தொந்தரவு செய்ய மனசில்லாமல் பாதையோரம் நின்றேன். அறுவடை முடிந்து புதிதாக உழுத வயல். மண் நல்ல சிவப்பு. புதுக்கோட்டையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இருக்கிற அதே சிவப்பு. இப்படி ஒரு மண்ணை விட்டுப் போன பையனும் அப்படி ஒரு மண்ணை விட்டுப் போன ஆட்களும் ஒரே மலையில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். குளிர் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பும் வழியில் செல்கிர்க் பிரபுவின் காகிதங்கள் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன. 1810-களில் ஹைலாண்ட் ஜனங்களைக் கனடாவின் ரெட் ரிவர் பக்கம் குடியேற்றியவர். அவருடைய குடும்ப மாளிகை 1940-இல் தீப்பிடித்ததில் அசல் காகிதங்கள் எரிந்துபோயின. அதற்கு முன்பே கனடா ஆவணக் காப்பகத்துக்காக யாரோ உட்கார்ந்து பிரதி எடுத்து வைத்திருந்ததால் விஷயம் பிழைத்தது. யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். அவ்வளவுதான்.

இரவு அறைக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அப்பாயி போய்ப் பதினைந்து வருஷமாகிறது. வீட்டைச் சித்தி பார்த்துக்கொள்கிறார். கம்பி இருக்கிறதா என்று கேட்டேன்.

"கம்பியா? அது மாட்டுக்கொட்டகையில தொங்குது. அடியில நாலஞ்சு கடுதாசி துருவோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, அப்படியே விட்டுட்டோம். ஏன்டி?"

"இழுக்காதீங்க சித்தி. அப்படியே ஒரு துணியில சுத்தி எடுத்து வைங்க."

"பொங்கலுக்குக் கொட்டகையை ஒழுங்குபண்ணலாம்னு இருந்தேன்."

போகிக்கு முன்னால் நான் வந்துவிடுவேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிக்கெட் பார்த்தேன். ஜனவரி 10-க்குக் கிடைத்தது.