ஏழாம் ஸ்தலம்

அம்மாவின் நேர்ச்சையை முடித்து வைக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2014-ல் கடைசித் தடவையாகக் குருசுமலை, அதாவது சிலுவை மலை, ஏறி இறங்கிய அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், "இனி என் முட்டு கேக்காது மக்கா. ஒரு தடவ நீ குருசு சுமந்து ஏறி முடிச்சு வச்சிரு." அதற்கப்புறம் ஈஸ்டருக்கு முன்னால் வந்த ஒவ்வொரு தவக்காலத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. குவைத்தில் லீவு கிடைக்கவில்லை, கொரோனா, மகள் கல்யாணம், முதுகுவலி. உண்மையான காரணம் 1987-ஆம் வருஷத்துடையது.

பனச்சமூட்டில் பிறந்தவனுக்கு மாநில எல்லை என்பது பஸ்ஸின் நிறம் மாறுகிற இடம், அவ்வளவுதான். 1956 நவம்பரில் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. மறுவருஷமே தெற்கன் குருசுமலைப் பயணம் தொடங்கிவிட்டது. கோடு போட்டவர்கள் மலையை என்ன செய்துவிட முடியும்? ஒரு கூட்டம் மலையாளத்தில் பாடிக்கொண்டு ஏறும், பின்னால் வருகிற கூட்டம் தமிழில் பாடும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டையும் பாடுவார்கள்.

அந்த 1987-ல் எனக்கு 17 வயது. நாங்கள் நாலு பேர் மலை ஏறினோம், ஜெபிக்க அல்ல. உச்சியில் குருசைச் சுற்றி ஜனங்கள் கொளுத்தி வைக்கிற மெழுகுதிரிகள் பாதி எரிந்து, உருகி, பாறையில் கட்டியாகக் கிடக்கும். அதைச் சுரண்டிக்கொண்டு போனால் எடுத்துக்கொள்ள ஒரு கடை இருந்தது. கிலோ 6 ரூபாய். ராத்திரி கூட்டம் குறைந்த நேரத்தில் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினோம். அணையாத திரிகளையும் ஊதி அணைத்து எடுத்தோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. யாரோ ஒருத்தி பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ ஏற்றியது, நான் வாயால் ஊதினேன். ஒரு அரிசிச் சாக்கில் 11 கிலோ சேர்ந்தது.

வந்த வழியில் இறங்கினால் தொண்டர்கள் பிடிப்பார்கள் என்று ரப்பர் தோட்டத்து வழியாக இறங்கினோம். தவக்காலத்தில் ரப்பர் மரத்தடி முழுக்கச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். அதன்மேல் கால் வைத்தால் எண்ணெய்தான். சாக்கு என் தோளில். ஒரு சரிவில் போனேன், போய்க்கொண்டே இருந்தேன், கடைசியில் ஒரு பாறை நிறுத்தியது. வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு போய்விட்டது. நண்பர்கள் முதலில் சாக்கைத்தான் எடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

வீட்டில் அம்மா கேட்டாள், "எங்கலே விழுந்தா?"

"ஏழாம் ஸ்தலத்தில்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. மறைக்கல்வியில் படித்தது வாயில் வந்துவிட்டது. மலை ஏறுகிற வழியில் வரிசையாக இருக்கிற சிலுவைப்பாதை ஸ்தலங்களில் ஏழாவது, இயேசு குருசு சுமந்து இரண்டாம் முறை விழுகிறது. அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கர்த்தர் விழுந்த இடத்திலே என் பிள்ளையும் விழுந்தானே என்று அழுதாள். அடுத்த நிமிஷமே நேர்ந்துகொண்டாள், இந்தக் கால் நேராகிவிட்டால் உயிருள்ள காலம் வரைக்கும் வருஷம் தவறாமல் செருப்பில்லாமல் மலை ஏறுவதாக.

எலும்பு கட்டுகிற ஆசான் வந்து முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். 41 நாள் படுக்கை. மெழுகு விற்ற 66 ரூபாயில் என் பங்கு 16 ரூபாய் 50 காசு. நண்பர்கள் அதில் பரோட்டா வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். அம்மா அவர்கள் மூன்று பேர் நெற்றியிலும் சிலுவை வரைந்து அனுப்பினாள்.

அந்த ஈஸ்டருக்கு முன்னால் சாமியார் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். திருட்டைச் சொன்னேன். பரிகாரமாகப் பத்து "அருள் நிறைந்த மரியே" ஜெபம் கொடுத்தார். பொய்யைச் சொல்லவில்லை. திருட்டு அன்றோடு முடிந்தது. பொய் மட்டும் வருஷா வருஷம் அம்மாவின் காலில் மலை ஏறிக்கொண்டிருந்தது. 1988 தொடங்கி 27 தடவை.

எங்கள் உபதேசியார் புனித அகுஸ்தினார் கதையை நன்றாகச் சொல்வார். 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடினாராம். பசிக்காக இல்லை, திருடுகிற சுகத்துக்காக. காயைப் பன்றிக்குப் போட்டார்களாம். அவருடைய அம்மா மோனிக்கம்மாள் வருஷக்கணக்காக அழுது ஜெபித்தார். 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் வாங்கும்போது அகுஸ்தினாருக்கு 32 வயது. எனக்கு 55 ஆகிவிட்டது. ஆனால் அவர் அம்மா மகன் செய்ததெல்லாம் தெரிந்துதான் அழுதார். என் அம்மா தெரியாமல் அல்லவா ஏறினாள்?

சரி, இந்த வருஷம் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு. 81 வயது, அடிவாரம் வரைக்குமாவது வருவேன் என்று பிடிவாதம். மலையடிவாரத்து வெள்ளறடையில் ஆட்டோக்காரர்கள் கேட்ட கூலியைக் கேட்டால் பாவம் தீருவதற்கு முன்னால் பர்ஸ் தீர்ந்துவிடும். குருசு விற்கிற பையன்கள் வேறு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வீட்டிலிருந்து குருசு கொண்டுவந்தவனிடமே இன்னொரு குருசு வாங்கச் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் பெயரை மூன்று தடவை மூன்று விதமாக வாசித்தார்கள். அம்மாவை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு ஏறினேன்.

முதல் ஆறு ஸ்தலமும் மூச்சு வாங்கியதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

ஏழாவதில் எங்கள் பங்குக் கோயில் அக்கா ஒருத்தி பேரப்பிள்ளைகளோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்ச தானே நீ விழுந்த எடம்? உனக்க அம்ம எல்லாத்துக்கும் காட்டித் தருவா" என்று சொல்லி, ஸ்தலத்துக்கு இடதுபக்கம் ஒரு பாறையைக் காட்டினாள். பிள்ளைகளிடம், "தொட்டுக் கும்பிடுங்க மக்களே, இந்த மாமன் குருசு சுமந்து விழுந்த எடமாக்கும்" என்றாள். அந்தப் பிள்ளைகளும் தொட்டுக் கும்பிட்டன.

ஒரு முழ அகலப் பாறை. மேல்பக்கம் வழவழப்பாக இருந்தது. மழை செய்த வழவழப்போ, மனுஷர் செய்ததோ, கர்த்தருக்குத்தான் தெரியும். அம்மா இதில்தான் முட்டுக்குத்துவாளாம். மற்ற ஸ்தலங்களில் எல்லாரோடும் எழுந்துவிடுவாளாம், இங்கே மட்டும் எழுந்திருக்க மாட்டாளாம். அக்காதான் சொன்னாள். குருசை இறக்கிவைத்து அதே பாறையில் முட்டுக்குத்தினேன். "திவ்விய இயேசுவே" என்று தொடங்கியது மட்டும் தெரியும். அடுத்த வரி வரவில்லை. நான் விழாத இடத்தில் 27 வருஷம் எனக்காக ஒருத்தி விழுந்து கிடந்திருக்கிறாள். நான் பொய்யாகச் சொன்ன இடத்தை அவள் மெய்யாக்கி வைத்திருக்கிறாள். அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து. அதைக்கூட நான் திருத்தவில்லை.

உச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். குருசில் நெற்றியை முட்டினேன், மரம் வெயிலில் சுட்டது. அப்புறம் நன்றி மட்டும்தான் வந்தது. இந்தக் காலுக்கு நன்றி ஆண்டவரே, அந்தப் பாறை என்னை நிறுத்தியதற்கு நன்றி, ஆசான் கைக்கு நன்றி, குவைத் சோற்றுக்கு நன்றி, அம்மாவை இன்னும் வைத்திருப்பதற்கு நன்றி. பின்னால் நின்றவர் "சேட்டா, ஒந்நு மாறித் தரணே" என்றதும்தான் நகர்ந்தேன்.

கீழே வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, சிரட்டை, ஊதி அணைத்தது, ரப்பர் சருகு, ஏழாம் ஸ்தலம். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எத்தன ரூவாய்க்கு வித்திய?" என்றாள்.

"66 ரூபாய், அம்மா. 11 கிலோ."

"ஏமாத்திட்டான். அப்பவே அதுக்கு மேல கெடச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேர்ச்சைக் கஞ்சியும் பயறும் வாங்கிக் கொடுத்தேன், முழுசாகக் குடித்தாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து 66 ரூபாய் எண்ணினாள். சில்லறையாக, ஒவ்வொன்றாக.

"மெழுகுதிரி வாங்கி, ஏழாம் ஸ்தலத்திலே கொளுத்திட்டு வா."

"இப்பவா? மத்தியானம் அம்மா, காலு..."

"காலு நேராத்தானே இருக்கு?"

மறுபடியும் ஏறினேன். காற்றில் திரி நிற்கவில்லை. ஐந்தாவது தீக்குச்சியில்தான் பிடித்தது, கையால் மறைத்துக்கொண்டே அந்தப் பாறையின் ஓரத்தில் நட்டேன். பக்கத்தில் ஒரு பையன், 12 வயது இருக்கலாம், கையில் பிளாஸ்டிக் கவரோடு என் திரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரப்பர் பக்கம் எறங்காத மக்கா, சருகு வழுக்கும்" என்று மட்டும் சொன்னேன்.