ஏற்காட்டில் எடுத்த ரத்தம், சேலத்தில் ஏறிய பொட்டாசியம்

ரத்தம் கொடுத்ததில் சிக்கல் இல்லை. இரவெல்லாம் வெறும் வயிறு, காலையில் ஏற்காட்டிலேயே ஒரு மாதிரி சேகரிப்பு மையம், ஊசி, பஞ்சு, முடிந்தது. வம்பு, மறுநாள் வந்த அறிக்கையில் இருந்தது. அப்பாவின் பொட்டாசியம் 6.2, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'அதிகம்'. இருக்கவேண்டியது 3.5 முதல் 5 வரை. இது உண்மையென்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

மையத்தில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டாக்டரிடம் காட்டுங்கள் சார், எடுத்து அனுப்புவதோடு எங்கள் வேலை சரி." சேலத்துக்கு எப்போது அனுப்பினீர்கள் என்றேன். "மத்தியானம்தான். ஆனால் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம், கெடாது" என்றார், பெருமையாக.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் டாக்டரைப் பார்த்தோம். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார், சீராக இருந்தது. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதா என்ற பேச்சும் வந்தது, அவ்வகை மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ஏற்றுமாம். அப்புறம்தான் அறிக்கையை மறுபடி பார்த்தார். "கிரியேட்டினின் 0.9. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதே! ரத்தம் எங்கே எடுத்தீர்கள்?"

ஐஸ் பெட்டி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள்ளே இருப்பது. சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிநீரை, பிரிக்காமல் மணிக்கணக்கில் குளிரில் வைத்தால் பொட்டாசியம் வெளியே கசியும். அவர்கள் பெருமைப்பட்ட ஐஸ்தான் வினையே! அன்றே சேலத்தில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் உள்ள ஆய்வகத்தில் மீண்டும் கொடுத்தோம்: 4.4.

மலையில் இருப்பவர்கள் பணம் கட்டுமுன் கேளுங்கள்: சீரத்தை இங்கேயே பிரிப்பீர்களா? சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய்தானா என்றும் பாருங்கள். சாதாரணக் குழாயில் நேரம் ஆக ஆகச் சர்க்கரை குறைத்துக் காட்டும். நரம்பு தெரியவில்லை என்று கையை மூடித் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும்.

தடித்த எழுத்தைப் பார்த்துப் பதறிய நாங்கள் கவனிக்காத இன்னொன்றை டாக்டர்தான் வட்டமிட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. ஆய்வகம் அச்சிட்டிருந்த வரம்பு 110 என்பதால் எந்தக் குறியும் இல்லை. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார். அடுத்து, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி.

ஏற்காட்டு மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த பரிசோதனைக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.