இரவில் உலகம், பகலில் உள்நாடு

தொடர் செய்தித் தொலைக்காட்சியில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் பழகிப்போயிருக்கும். நள்ளிரவு தாண்டியதும் எங்கள் சேனல் உலகச் செய்திச் சேனலாகிவிடும். உள்நாட்டு நிருபர்கள் உறங்கப் போயிருப்பார்கள், நீதிமன்றமும் நாடாளுமன்றமும் பூட்டிக் கிடக்கும், ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. ஆகிய பன்னாட்டுச் செய்தி முகமைகளின் காட்சிகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். விடிந்ததும் காலைப் பொறுப்பாசிரியர் வந்து உட்கார்ந்து முதலில் செய்கிற வேலை, நான் ரன்டவுனில், அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியலில், மேலே வைத்திருந்த வெளிநாட்டுச் செய்திகளைக் கீழே இறக்குவதுதான். மாலைக்குள் அவை திரையின் அடியிலுள்ள டிக்கரில் ஒற்றை வரியாகச் சுருங்கி ஓடும்.

அரை மணி நேரப் புல்லட்டினுக்கு இத்தனை வெளிநாட்டுச் செய்திகள் என்று ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு வகுத்த காலமும் உண்டு. அடுத்து வந்த முதல் உள்நாட்டு அமளியிலேயே அந்தக் கணக்கு கலைந்துபோனது. கலைந்ததை யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

என் எண்ணத்தை மாற்றியது 2023 ஜூன் மாதம். அம்மாதம் 14ஆம் தேதி அதிகாலையில், கிரேக்க நாட்டின் பைலோஸ் நகருக்கு அப்பாலுள்ள கடலில் புலம்பெயர்வோரை ஏற்றிவந்த 'அட்ரியானா' என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதில் 750 பேர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. உயிர் பிழைத்தவர்கள் 104 பேர். நான்கு நாட்கள் கழித்து, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண ஐந்து பேருடன் ஆழ்கடலில் இறங்கிய 'டைட்டன்' நீர்மூழ்கி தொடர்பை இழந்தது. இரண்டுமே எங்களுக்கு வெளிநாட்டுச் செய்திகள்தாம். ஆனால் பகல் நேர ஆசிரியர்கள் கீழே தள்ளாமல் விட்டது டைட்டனை மட்டுமே. 96 மணி நேரத்துக்கான ஆக்சிஜன் என்ற விவரம் வந்தவுடன் திரையின் மூலையில் மீதமுள்ள மணிக்கணக்கு ஏறிவிட்டது. அந்த கிராபிக்ஸைக் கேட்டு வாங்கியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படகைக் காட்ட எங்களிடம் பெரும்பாலும் இருந்ததோ, தளம் முழுக்க மனிதர்கள் நெருக்கியடித்து நிற்பதைக் கிரேக்கக் கடலோரக் காவல் படை வானிலிருந்து எடுத்திருந்த ஒரு புகைப்படம்.

நார்வே நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திகளை ஆராய்ந்து யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும் 1965இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நிகழ்வு எவ்வளவு காலத்தில் நடந்து முடிகிறது என்பது ஊடகத்தின் வெளியீட்டு இடைவெளியோடு பொருந்தினால் அது செய்தியாகும் வாய்ப்பு கூடும் என்று சொல்லியிருந்தார்கள். இடைவெளியே இல்லாத எங்கள் சேனலுக்குப் பொருந்துவது இன்னும் முடியாமல் இருக்கிற நிகழ்வு. உள்நாட்டுச் செய்தி முந்துவதற்கும் பாதிக் காரணம் இதுவே என்பேன்: நிருபர் வாசலில் நிற்கிறார், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, நேரலை நீள்கிறது. முடிந்துபோன துயரத்துக்கு, அது எவ்வளவு பெரியதாயினும், நேரலை கிடையாது.

இறந்தவர்களில் நம் நாட்டவர் யாரேனும் உண்டா என்று தேடுவது இந்தச் சிக்கலுக்கு வழக்கமான மருந்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் கிடைத்துவிட்டால் மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் அவருடைய பின்னணிக் காட்சியாகிவிடுகிறார்கள்.

அதன் பிறகு, காலைப் பணிக்கு ஒப்படைக்கும் குறிப்பில் ஒவ்வொரு வெளிநாட்டுச் செய்தியின் அருகிலும் அடுத்து என்ன, எந்தத் தேதியில் என்று எழுதத் தொடங்கினேன். விசாரணை நாள், வாக்கெடுப்பு, அறிக்கை வெளியாகும் நாள் போன்றவை. பெரும்பாலானவற்றை யாரும் எடுப்பதில்லை. 2024 மே 21 அன்று, படகு கவிழ்ந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த எகிப்தியர் ஒன்பது பேரை, சம்பவம் நடந்தது பன்னாட்டுக் கடற்பரப்பில் என்பதால் தனக்கு அதிகார வரம்பில்லை என்று கூறி கிரேக்கத்தின் கலமாட்டா நகர நீதிமன்றம் விடுவித்தது. குறிப்பில் அந்தத் தேதி இருந்தது. நாற்பது விநாடிகள் கொடுத்தார்கள். திரையில் அதே பழைய புகைப்படம்.