துளைக்கும் துளைக்கும் நடுவில்

சென்னைக்கு அடியில் சுரங்கம் குடைவதில் உள்ள தொல்லை, கீழே இருப்பது முழு மண்ணுமில்லை, முழுப் பாறையுமில்லை என்பதுதான். மேலே மணலும் களிமண்ணும், அடியில் பல இடங்களில் சார்னோகைட் என்ற கடினப் பாறை. பரங்கிமலையில் வெளியே தெரிகிறதே, அதே பாறை. அதன் மேல்முகம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். சிதைந்து மண்ணாகிப்போன பகுதிக்குள் சிதையாத உருண்டைக் கற்கள் வேறு.

மண் பரிசோதனை சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பரிசோதனைக்காகப் போடும் துளையில் கல் தட்டியதும் "பாறை வந்துடுச்சு" என்று நிறுத்தினால், ஓர் உருண்டைக் கல் வரைபடத்தில் பாறைத் தளமாகிவிடும். குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 5 மீட்டர் தொடர்ந்து கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்தபிறகே நம்பலாம். பாறை கீழ்ப்பாதியிலும் மணல் மேல்பாதியிலும் இருக்கும் இடத்துக்கு டிபிஎம் (சுரங்கம் குடையும் இயந்திரம்) வந்தால், பாறையை அரைக்க அது மெதுவாக நகரும். அதற்குள் மேலேயுள்ள மணல் தேவைக்கு மேல் உள்ளே வந்துவிடும். சாலை உள்வாங்குவது இப்படித்தான்.

மண்ணின் இறுக்கத்தை அளக்கும் எஸ்பிடி எளிய சோதனை: துளையின் அடியில் ஒரு மாதிரிக் குழாயை அடித்து இறக்குவார்கள். 63.5 கிலோ சுத்தி, 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. குழாய் இறங்க எத்தனை அடியோ அதுவே 'N' மதிப்பு. ஆனால் நிலத்தடி நீருக்குக் கீழே மணலில் துளையிடும் கம்பியை வெடுக்கென்று உருவினால் துளைக்குள் நீர்மட்டம் இறங்கும். வெளி நீர் அடியிலிருந்து மணலைப் பொங்கவைக்கும். இறுக்கமான மணலும் தளர்ந்த மணலாகப் பதிவாகும். துளை நீரை எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும்.

கோர் பெட்டியில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, கோர் எடுத்த மொத்த நீளத்தால் வகுத்தால் ஆர்க்யூடி, அதாவது பாறையின் தரத்தைச் சொல்லும் சதவீதம், கிடைக்கும். எனக்கு அதைவிட முக்கியம், பெட்டியில் எதுவுமே இல்லாத இடம். கோர் எடுக்கும் ஒற்றைக் குழாய் பேரலில் சிதைந்த பாறை கரைந்து நீரோடு போய்விடும். மூன்றடுக்கு பேரல் செலவுதான், ஆனால் சுரங்கத்துக்குத் தொல்லை தரப்போவது அந்தக் காணாமல் போன பகுதிகளே.

நிலத்தடி நீரழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டரை மே மாதம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் அளவு வேண்டும்.

துளைகளைச் சுரங்கப் பாதையின் மேலேயே போடாமல் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். வேலை முடிந்ததும் கேசிங்கை (துளை சரியாமல் இருக்க இறக்கிய குழாயை) உருவி, சிமெண்டும் பெண்டோனைட் களிமண்ணும் சேர்ந்த கலவையை அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். உள்ளே விட்ட குழாய் பின்னால் வரும் இயந்திரத்தின் வழியில் நிற்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2013 டிசம்பரில் 17.5 மீட்டர் விட்டமுள்ள 'பெர்த்தா' என்ற டிபிஎம் நின்றுபோனது. வழியில் அது மோதியது, நிலத்தடி நீர் ஆய்வுக்காக 2002இல் இறக்கிய 8 அங்குல இரும்புக் குழாய். பழுதுக்குக் காரணம் அதுதானா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது.

நம்மூரில் அந்தக் குழாயைப் போல வழியில் இருப்பவை வீட்டு போர்வெல்கள். டிபிஎம் அடியில் போகும்போது அது செலுத்தும் நுரையும் குழம்பும் போர்வெல்கள் வழியே மேலே வரலாம். ஆகவே பாதை நெடுக வீடுவீடாகக் கேட்க வேண்டும். இப்போதிருக்கும் போரை மட்டும் கேட்டால் போதாது, மூடிய கிணறு எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். அதற்குமேல் கார் நிறுத்துமிடமே வந்திருக்கும்.