நானுஓயா ஏற்றத்தில் எரிந்த லைட்

அந்த 1993 கொரோலா கார் மூன்றாவது தடவையாக எங்கள் ஹட்டன் கராஜ் வாசலில் வந்து நின்றபோது சாவியை வாங்கவே எனக்குக் கை வரவில்லை. ஓட்டுபவர் கொட்டகலைக்காரர். ஹயர் ஓடித்தான் வீட்டுச் செலவு, தோட்டத்தில் யாருக்காவது நடுராத்திரியில் முடியவில்லை என்றாலும் இவர் வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். "பாஸ், நானுஓயா ஏத்தத்துல லைட்டு மறுபடி வந்துருச்சு, வண்டி அப்படியே உதறுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

ஹட்டன் டவுனுக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது. தலவாக்கலை தாண்டி ஏற ஆரம்பித்ததும் செக் இஞ்சின் லைட் எரியும், நாலு உதறு உதறும், அப்புறம் ஏதோ சுமாராக ஏறிப் போய்விடும்.

இந்த வயது வண்டியில் இப்போதைய ஸ்கேனரைச் செருகுவதற்கு இடமே கிடையாது. ஓபிடி-2 என்ற பொதுவான ஸ்கேனர் முறை அமெரிக்காவில் கட்டாயமானதே 1996ஆம் ஆண்டு மொடல்களிலிருந்துதான், இது அதற்கு முந்தியது. பொனட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து, டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, சாவியை ஆன் பண்ணினால் மீட்டர் போர்டில் லைட் மின்னும். எண்ணிக்கொள்ள வேண்டியது நம் வேலை. இரண்டு மின்னு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு மின்னு என்றால் 22. அன்றைக்கும் அதே மூன்று பழுதுக் கோட்: 22, 24, 31. முதலாவது இஞ்சின் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சர், அடுத்தது உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம், கடைசியாக இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் வெக்கியூம் சென்சர். கோட் சின்ன எண்ணிலிருந்துதான் வரிசையாக வரும், எது முதலில் பழுதானது என்பதை அந்த வரிசையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்திருந்தும் முதல் தடவை 22ஐப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆரம்பித்தேன்.

தண்ணீர் சென்சரில் ஒரு பிழையும் இருக்கவில்லை. 20 பாகை வெப்பத்தில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் என்று இருக்க வேண்டும், இருந்தது. வெக்கியூம் சென்சரில்தான் சறுக்கினேன். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு அளந்தால் 3.3 முதல் 3.9 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும், மல்டிமீட்டரில் 3.2. சென்சர் போய்விட்டது என்று சொல்லி, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழையது ஒன்றை எடுப்பித்து மாட்டினேன். காசு அவருடையது. மாட்டிவிட்டு அளந்தால் அதிலும் 3.2.

புத்தகத்துக் கணக்கு கடல் மட்டத்துக்கு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, அந்தச் சென்சர் அளப்பதே அழுத்தத்தைத்தான். கொழும்பில் 3.6 காட்டும் நல்ல சென்சர் இங்கே 3.2 காட்டினால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். எத்தனை நல்ல சென்சர்களை நாங்கள் மலையில் இப்படிக் கழற்றி வீசியிருப்போமோ.

சரி, மூன்றாவது தடவை எந்தச் சாமானையும் தொடக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு வயரிங் படத்தை விரித்தேன். மூன்று சென்சர் ஒரே நேரத்தில் சாகாது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது ஈ2 என்ற எர்த் வயர், இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரிலிருந்து வந்து நடுவில் கிளை பிரிந்து ஒவ்வொரு சென்சருக்கும் போகிறது. அது கண நேரம் அறுந்தால் மூன்றிலும் வோல்ட் மேலே ஏறும். தண்ணீர் உறைந்து கிடக்கிறது, இஞ்சின் முழு இழுவையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பி பெற்றோலை ஊற்றும், அதுதான் அந்த உதறல். கோட் பதிந்ததும் தண்ணீர் 80 பாகை என்று அதுவாகவே வைத்துக்கொண்டு ஓட்டும், அதனால்தான் அப்புறம் சுமாராகப் போகிறது.

ஆனால் ஏற்றத்தில் மட்டும் ஏன்? மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவ்விலும் சிவப்பை வெக்கியூம் சென்சர் பிளக்கின் ஈ2விலும் வைத்தேன். பூச்சியத்தை ஒட்டி நின்றது. சில்லுகளுக்குக் கல் வைத்து, தம்பியை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு ஆட்டோ கியரை 'D'யில் போட்டு இலேசாக அக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னேன். இழுவை வந்ததும் இஞ்சின் மவுன்டில் ஒரு பக்கம் சாய்ந்தது, அதோடு சேர்ந்து வயர்க்கட்டும் இழுபட்டது, மீட்டர் 4 வோல்ட்டைத் தாண்டியது. காலை எடுத்தான், இறங்கியது. மறுபடி மிதித்தான், ஏறியது. "அண்ணே, கெடச்சிருச்சா?" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

வயர்க்கட்டின் டேப்பைப் பிரித்தால், எப்போதோ யாரோ ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஒரு மூட்டு. செம்பு முழுக்கப் பச்சை பிடித்திருந்தது, பனியும் மழையும் போய்த் தங்கிய ஈரம், விரலால் தேய்த்தபோது இரண்டு இழை பொடிந்து உதிர்ந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, இஞ்சின் சாய்வதற்கு இடம் விட்டுக் கட்டினேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ஈஎஃப்ஐ ஃபியூஸைப் பிடுங்கி, பதிந்திருந்த கோட்களை அழித்துவிட்டு, அவரையே ஓட்டச் சொல்லி நானுஓயாவரை கூடவே போனேன். லைட் வரவில்லை.

திரும்பி வந்து அவருடைய சொந்தச் சென்சரையே மறுபடி மாட்டிக் கொடுத்தேன், பஞ்சிகாவத்தைச் சென்சருக்கு அவர் கொடுத்த காசையும் கையில் வைத்தேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணிக்க வேண்டியிருந்தது. இப்போது கராஜ் சுவரில், மீட்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்: வெக்கியூம் சென்சர், ஹட்டன், 3.2.